அண்ணி சாய்ந்திருந்த ஒரு மணி நேரம்

அன்று எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். திருப்புட்குழியிலிருந்து பெண் பார்க்க வந்த பையன், அவன் அப்பா, அவன் அம்மா. எங்கள் பக்கத்தில் என் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான். அண்ணிக்கு என்ன நோய் என்பது எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும். வந்த மூவருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே பழைய சோபாவிலும் ஓரத்துக் கட்டிலிலும் ஐந்து பட்டுத் திண்டுகளை அடுக்கி வைத்திருந்தோம்.

மார்பில் தொடங்கிய நோய் அதற்குள் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. பின்னால் கெட்டியாக முட்டுக் கொடுக்காவிட்டால் அண்ணியால் உட்கார முடியாது. அதற்கு முன்பு வந்த ஓர் இடம் அதனால்தான் தட்டிப்போனது. முதுகுக்குத் தலையணை வைத்து அண்ணி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒன்று கேட்டார்கள், பிறகு இன்னொன்று கேட்டார்கள், கடைசியில், “பொண்ணுக்கும் வராதுன்னு இன்னா நிச்சயம்?” என்று எழுந்து போய்விட்டார்கள். அண்ணி அழவில்லை. ரெண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “ஒரு ஆளுக்கு மட்டும் தலகாணி இருந்தாதானே கேப்பாங்க? கூடம் முழுக்க அழகுக்குப் போட்டு வெச்சா?”

எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்குத் தெரிந்த ஒரே தொழில் தையல். ரவிக்கை தைப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன். கடையில் திண்டு உறைகளின் விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பி வந்தேன். அண்ணனின் ஷேர் ஆட்டோ வருமானம் மருந்துக்கே போதவில்லை. அப்போதுதான் அண்ணி பீரோவிலிருந்து தன் முகூர்த்தப் புடவையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அரக்கு உடம்பு, மஞ்சள் கரை. வருஷக்கணக்கில் மாற்றி மடிக்காமல் வைத்திருந்ததால் மடிப்பு மடிப்பாகப் பட்டு இற்று விட்டுப்போயிருந்தது. கட்ட முடியாது. ஆனால் மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் பட்டு புதுசாகவே இருந்தது.

எங்கள் தெருவில் சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கடைசியில் முகூர்த்தப் புடவையைச் சுற்றி, அதன்மேல் பிறந்த வீட்டார் புதுப்புடவையைக் கோடியாகப் போர்த்துவார்கள். அண்ணி ஒற்றைப் பிள்ளை. தாய் தகப்பன் எப்போதோ போய்விட்டார்கள். கோடி கொண்டுவர யாருமில்லை. இருந்தது இந்த ஒன்றுதான்.

“வேணாம் அண்ணி, நல்லா இருக்காது” என்றேன்.

“எரியப்போற துணிக்கு இம்மா யோசனையா? குடு கத்திரிய.”

முதல் வெட்டை அவரே வெட்டினார். ஜரிகை அறுபடும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். மீதியை நான் வெட்டினேன்.

பட்டு பிரிந்து போகாமலிருக்க அண்ணனின் பழைய வேட்டியை உள்துணியாகக் கொடுத்தேன். ஜிப்புக்குக் காசு செலவழிக்காமல் பின்பக்கம் ஒரு மடல் மேல் இன்னொரு மடல் படியும்படி தைத்தேன். கிழிந்த மெத்தையின் இலவம்பஞ்சை மாடியில் காயவைத்து நாலு திண்டுகளில் அடைத்தேன். ஐந்தாவதில் மட்டும் ரவிக்கை வெட்டிய துண்டுத் துணிகளைக் குத்திக் குத்தி அடைத்தேன். பார்வைக்கு ஐந்தும் ஒன்றுதான். சாய்ந்தால் அது மட்டும் சுவர் மாதிரி தாங்கும். ஒவ்வொரு நாளும் அண்ணி அதில் சாய்ந்து, சிரித்த முகத்தோடு உட்கார்ந்து பழகினார். “மூஞ்சி சரியா இருக்குதா பாரு” என்று என்னைக் கேட்பார்.

வந்தவர்கள் நல்ல மாதிரி. பையனுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. வீட்டில் ஒரு தறி. அதில் நெய்வது அவன் அம்மா. அப்பா உள்ளே நுழைந்ததுமே, “இன்னாங்க, சாமி பல்லக்கு மாதிரி ஜோடிச்சி வெச்சிருக்கீங்க! காலு வெக்கவே பயமா இருக்குதே!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முதுகில் எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கேசரியை எடுத்துக்கொண்டு நான் வந்தபோது பையனின் அம்மா பக்கத்துத் திண்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கரை உடம்போடு சேர்கிற இடத்தில் கட்டைவிரலை ஓட்டினார். திருப்பிப் பார்த்தார்.

“இது முகூர்த்தப் புடவையாச்சே.”

நான் கேசரித் தட்டை அவர் முன்னால் நீட்டினேன்.

“ஆமாங்க. மடிப்புல வுட்டுப்போச்சி. பொட்டியில கெடந்து இன்னா பண்ணப்போவுது?” என்றார் அண்ணி.

அந்த அம்மா அண்ணியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடியிலிருந்த திண்டை எடுத்துப்போய் அண்ணியின் இடுப்போரம் செருகினார். “இதையும் வெச்சிக்கினு நல்லா சாஞ்சி குந்துங்க. எனக்குத் தறியில குந்தியே பழக்கம், திண்டெல்லாம் ஒத்துவராது.” அதோடு பேச்சை மாற்றி, பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார். போகும்போதே பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுப் போனார். வாசலில் செருப்புச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அண்ணி சரிந்தார். “ஒரு மணி நேரம் தாங்கினேனில்ல?” என்று மட்டும் கேட்டார்.

தையில் கல்யாணம் என்று பேசியிருந்தோம். அண்ணி புரட்டாசியிலேயே போய்விட்டார்.

குளிப்பாட்டி முடித்ததும் தெருப் பெண்கள் என்னைத்தான் கேட்டார்கள். “முகூர்த்தப் புடவை எங்க? சீக்கிரம் எடுத்தாம்மா.” எதை எடுத்துவருவேன்? கட்டிலில் கிடந்த திண்டுகளைப் பார்த்தபடி நின்றேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு பையனின் அம்மா வந்தார். கையில் மாம்பழ மஞ்சள் பட்டு. முந்தானை ஓரத்தில் பாவு நூல் தறியிலிருந்து அறுத்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சுப் போடக்கூட நேரமில்லை.

“பொறந்த வூட்டுக் கோடி நான் போடறேன்” என்றார். ‘சம்பந்தியே இன்னும் ஆகலையே’ என்று யாரோ முணுமுணுத்ததை அவர் காதில் வாங்கவில்லை.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்ககிட்ட மறைச்சிட்டோம்” என்று அழுதேன்.

“இன்னாத்த மறைச்சீங்க? நாள் இருக்கிறவ அந்தப் புடவைய வெட்டுவாளாம்மா? அன்னிக்கே தெரியும் போ.”

பேசியபடியே தையில் கல்யாணம் நடந்தது. இப்போது பழைய பட்டில் திண்டு தைத்துத் தரச்சொல்லி என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். தைத்துக் கொடுக்கிறேன். முகூர்த்தப் புடவையோடு யாராவது வந்தால் மட்டும், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்காமல் கத்திரியை எடுக்க முடிவதில்லை.

அந்த மஞ்சள் புடவை சம்பந்தியம்மாவின் சொந்தச் சரக்கில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பாவும் ஜரிகையும் கொடுத்த முதலாளிக்குச் சேரவேண்டிய புடவை அது. விலையை அவர் கூலியில் மாசாமாசம் பிடித்துக்கொள்கிறார்கள். நான் பணம் எடுத்துப்போனால், “பொறந்த வூட்டுக் கோடிக்கு யாராவது காசு வாங்குவாங்களா?” என்று என் கையை மடக்கி அனுப்பிவிடுகிறார். போன வாரம் அண்ணி மகளிடம் கேட்டேன். அந்தப் புடவைக்கு இன்னும் பதினோராயிரத்து நானூறு ரூபாய் பாக்கி இருக்கிறதாம்.