ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் எடுத்து மம்சாபுரத்தில் இறங்கிய அப்பா

அப்பாவின் இந்த நினைவு மலரின் முதல் பக்கத்துக்கு அச்சாபீசில் அவர்களாகவே ஒரு வரி போட்டுத் தந்திருந்தார்கள், அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள் என்று. அதைப் படித்துக் காட்டியதும், ஒரு வருஷமாகச் சிரிக்காத அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "உங்கப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமா எவன் எழுத முடியும்?" என்றார்கள். பிறகு அழுதார்கள். அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும். உட்கார்ந்த இடத்தில், ஆராதனையில், பஸ்ஸில், ஏன், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடக்கூடியவர்கள் எங்கள் அப்பா. அப்படி ஒரு தூக்கத்தில்தான் எங்கள் குடும்பத்தின் தலையெழுத்தே மாறியது. தெரியாதவர்களுக்காக அதை எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் விட்டிருக்கிறான். நான் மூத்த மகள், வாய் கொஞ்சம் நீளம். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது கான்சாபுரத்தில், சிறு விவசாயக் குடும்பத்தில். மழை பொய்த்த வருஷங்களில் வயலை நம்பி எல்லாரும் சாப்பிட முடியாது என்று ஆனபோது, இளவயதிலேயே இராஜபாளையத்துக்கு வந்து ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சேர்ந்தார்கள். காயத்துக்குக் கட்டுகிற மெல்லிய துணி நெய்து, வெளுத்து, சுருட்டி லாரியில் ஏற்றுகிற கம்பெனி அது. அம்மாவுக்குச் சொந்த ஊரே இராஜபாளையம்தான். கல்யாணமாகி, நானும் தம்பியும் பிறந்து, அம்மாவின் அக்கா தங்கைகள் நாலு வீடு தள்ளி இருக்க, ஒரு குறையும் இல்லாமல் இருந்தோம்.

எனக்கு நினைவு தெரிந்த முதல் காட்சி அந்தக் கம்பெனியின் பின்புறக் காலி நிலம்தான். வெளுத்த துணியை வெயிலில் காயப் போட்டிருப்பார்கள். பார்த்த இடமெல்லாம் வெள்ளை. காற்று வந்தால் துணி மெல்ல உப்பும், பிறகு மூச்சு விட்டதுபோலத் தாழும். அதற்கு அந்தப் பக்கம் மலை நீலமாகத் தெரியும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். நடந்ததா, நானாக நினைத்துக்கொண்டதா என்று இப்போதெல்லாம் சந்தேகமாக இருக்கிறது.

அப்பா அதுவரை ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர்தான். கோயிலுக்குப் போவார்கள், பிரசங்கத்தில் தூங்குவார்கள், வீட்டுக்கு வருவார்கள். ஆனால் என்னவோ ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்களாம். "இம்புட்டு துணி லாரி லாரியாப் போகுதே, யாரு காயத்துக்குப் போகுதுன்னு ஒரு நாளாவது பாத்திருக்கேனா?" அம்மா, "பாத்து என்ன செய்யப் போறிய? ரசம் ஊத்தவா?" என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு அப்பாவுக்கு அதே நினைப்பு. எங்கே போக வேண்டும் என்று காட்டும் ஆண்டவரே என்று விடாமல் ஜெபம் பண்ணினார்கள்.

எங்கள் போதகர் ஐயா இதைக் கேள்விப்பட்டு ஒரு வழி செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருக்குத் தெரிந்த ஒரு சிறு ஆஸ்பத்திரியில் உதவியாள் வேலை காலியாக இருந்தது. மாதச் சம்பளம், தங்க வீடு, எங்களுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். நேரில் வந்து பார்க்கச் சொல்லி நாளும் குறித்தாகிவிட்டது. அம்மாவுக்கு இராஜபாளையத்தை விட மனசில்லைதான். ஆனாலும் டவுன்தானே, வேலையும் நிச்சயம்தானே என்று சம்மதித்தார்கள்.

அன்றைக்கு அப்பா இரவு ஷிப்ட் முடித்து, வீட்டில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஏறியது மம்சாபுரம் வழியாகப் போகிற டவுன் பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் வாங்கினார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததை அப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. "வெள்ளைத் துணி மலையடிவாரம் வரைக்கும் விரிச்சுக் கெடக்கு. நான் செருப்பைக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு அது மேல நடக்கேன். துணி அழுக்காயிருமோன்னு ஒரே பயம். ஆனா காலு பட்ட எடமெல்லாம் இன்னும் வெளுக்குது. ஒரு சத்தம் இல்ல. பொறவு யாரோ பின்னால வந்து தோள்ல கை வச்சாக. திரும்பிப் பாக்குறதுக்குள்ள முழிச்சிட்டேன். பஸ் நின்னிருந்துச்சு. எறங்கிட்டேன்."

இறங்கின இடம் மம்சாபுரம். பஸ் போய்விட்டது. டீக்கடைப் பக்கத்தில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மண்வெட்டி பட்ட காயம், அழுக்கு வேட்டிக் கிழிசலால் சுற்றியிருந்தது, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அப்பாவின் பையில் கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டுத் துணி கொஞ்சம் எப்போதும் இருக்கும். டீக்கடையில் வெந்நீர் வாங்கி, கழுவி, கட்டிவிட்டார்கள். "ஏலே, நீ டாக்டரா?" என்று கேட்டிருக்கிறார் அந்த மனிதர். "இல்ல அண்ணாச்சி, இந்தத் துணி செய்யிற எடத்துல வேலை. நீங்க பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டுக்கிடணும்." அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொறவு நாளைக்கும் வருவியா?" என்று கேட்டாராம்.

அதோடு போயிற்று அந்த வேலை. அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பார்க்க அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. இராஜபாளையத்துக்கே திரும்பி வந்தார்கள். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்கள். "எடத்தைக் காட்டிட்டாரு" என்றார்கள் அப்பா. "ஆஸ்பத்திரியில என்னைக்கு வரச் சொன்னாக?" "ஆஸ்பத்திரிக்குப் போகல. மம்சாபுரம்." "அங்க யாரு வரச் சொன்னா?" "யாரும் சொல்லல. தோளைத் தொட்டாக."

அம்மா பையை வாங்கி உள்ளே வைத்தார்கள். பிறகு கேட்டார்கள், "கண்டக்டரு தட்டி எழுப்புனதுக்குப் பேரு ஆண்டவரோட அழைப்பா?"

எங்கள் வீட்டில் அன்று ஆரம்பித்த வழக்கு இது. அப்பாவின் கட்சி வலுவானது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டிக்கெட் வாங்கினவனை மம்சாபுரத்தில் எந்தக் கண்டக்டர் எழுப்புவான் என்பார்கள். அம்மாவிடம் அதற்கும் பதில் இருந்தது. "பக்கத்து சீட்டுக்காரன் மம்சாபுரமா இருக்கும். அவனைத் தட்டுறதுக்கு உங்களைத் தட்டிட்டான்." அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிச்சயமான வேலையும் வீடும் போய், அக்கா தங்கைகளை விட்டு, முன்பின் தெரியாத ஊரில் ஓட்டு வீட்டில் குடியேறின ஒரு பெண்ணின் கோபம் அது. எனக்கும் கோபம்தான். பள்ளிக்கூடத் தோழிகளை விட்டு வந்தவள் நான். அப்பாவுக்கோ எங்கள் எல்லார் கோபமும் தாங்கும், அம்மா அதை அழைப்பு என்று ஒத்துக்கொள்ளாதது மட்டும் தாங்காது. ஒரு தடவையாவது அம்மா வாயால் 'ஆமா' என்று கேட்க வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆயுசுக்குமான ஆசை. ஆண்டவர் தன்னை நடத்தின விதத்தைச் சாட்சியாகச் சொல்ல எந்தச் சபையில் எழுந்து நின்றாலும், பேசி முடித்ததும் பெண்கள் பக்கம் அம்மாவைத்தான் பார்ப்பார்கள். அம்மா குனிந்து சேலை நுனியை நீவிக்கொண்டிருப்பார்கள்.

மம்சாபுரத்தில் அப்பா ஒரு பெட்டிக்கடை வைத்தார்கள். அம்மா ஜாக்கெட் தைத்தார்கள். காலையில் கடை திறக்கும் முன் காயத்தோடு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவது அப்பாவின் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரி நர்சம்மாக்களிடம் கெஞ்சிக் கேட்டு முறையாகக் கற்றுக்கொண்டார்கள். சர்க்கரைப் புண், அரிவாள் வெட்டு, தீக்காயம். தன்னால் ஆகாது என்று பட்டால் காயத்தோடு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு அதே டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். துணிக்குப் பழைய முதலாளி கடைசிவரை குறை வைக்கவில்லை.

முதலில் ஊர் நம்பவில்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு மாமா, காலில் புண்ணோடு வந்து நின்று அதட்டினார். "கட்டுப் போடுவே, பொறவு உன் கோயிலுக்கு வரச் சொல்லுவியோ?" அப்பா சொன்னார்கள், "இல்ல அண்ணாச்சி. கட்டி முடிச்சதும் செத்த நேரம் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவேன். அதுக்கு மட்டும் உத்தரவு குடுங்க." மாமா யோசித்தார். "மூடிக்கோ. எங்காலு எரியாமப் பாத்துக்கோ" என்றார்.

அதில்தான் வேடிக்கை. காலைக் குளிரில், மலையிலிருந்து இறங்கின பனி தெருவில் நிற்கும்போது, அந்த மாமாவின் கால் அப்பாவின் மடியில் இருக்க, அப்பா கண்ணை மூடுவார்கள். மூடினது மூடினதுதான். மாமாவும் அசையமாட்டார். ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் போக வெளியே வந்தபோது மாமா விரலை உதட்டில் வைத்து என்னைத் தடுத்தார். "ஜெபமா தூக்கமான்னு தெரியலம்மா. எதுவா இருந்தாலும் நான் காலை எடுக்கல" என்று மெதுவாகச் சொன்னார். உள்ளே அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலைகள் எல்லாம் சேர்ந்து இப்போது எனக்கு ஒரே காலையாகத்தான் நினைவில் இருக்கின்றன. பனி, டெட்டால் வாசனை, அடுப்பில் கொதிக்கிற தண்ணீர், கண்ணை மூடிய அப்பா.

அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தது அம்மா. காய்ச்சலிலும், சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் கூட அது தவறியதில்லை. ஆனால் வாய் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இராஜபாளையம் போகிற பஸ்ஸில் வயதான கண்டக்டர் யாரைப் பார்த்தாலும் அம்மா விசாரணையை ஆரம்பித்துவிடுவார்கள். "இந்த ரூட்ல எப்பம் இருந்து இருக்கிய? தூங்குதவுகளைத் தட்டி எழுப்புவியளா?" ஒருவர் சலித்துப்போய், "தட்டாம பாட்டா பாடுவாக? ஆனா யாரைத் தட்டுனேன்னு கேட்டா நான் எங்கம்மா போவேன்?" என்றார். அப்பா அடுத்த சீட்டில் இதையும் கேட்காமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே வருஷங்கள் போயின. எங்களைப் படிக்க வைத்தார்கள், கட்டிக் கொடுத்தார்கள். தம்பி இராஜபாளையத்தில் வீடு கட்டினான். சின்னதாக ஜெபக்கூட்டம் நடந்த எங்கள் முன்னறை நிறைந்து, சபையார் கைகொடுத்து ஆலயம் எழும்பியது. ஆனாலும் ஊரில் பாதிப் பேர் அந்த ஆலயத்துக்குள் வந்ததே இல்லை, எங்கள் வீட்டுக்கு வராதவர்களும் இல்லை. அப்பா நிறைவாக வாழ்ந்தார்கள். இதை மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. எதையும் தேடி அலைகிற முகம் அப்பாவுக்கு இல்லை. அதனால்தான் அவ்வளவு தூக்கம் வந்ததோ என்னவோ.

சென்ற ஆண்டு உடம்பு விழுந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சில வாரம் வைத்துப் பார்த்தோம். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா மம்சாபுரம் வந்து கூடத்துக் கட்டிலில் படுத்தார்கள். முழிப்பும் தூக்கமும் கலந்த நிலை. சில சமயம் கையை நீட்டி யாருக்கோ கட்டுப் போடுவார்கள். சில சமயம் கான்சாபுரத்து வரப்பில் நடந்துகொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம், நானும் அம்மாவும் பக்கத்தில் இருந்தோம். அப்பா தெளிவாகக் கண் திறந்தார்கள். முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு கலக்கம். "ஏட்டி" என்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். "நீ சொன்னது சரிதானோ? பக்கத்து சீட்டுக்காரனுக்கு வந்ததை நான் எடுத்துக்கிட்டேனோ? உங்களையும் இழுத்துட்டு வந்துட்டேனே."

இத்தனை வருஷம் சந்தேகமே இல்லாமல் இருந்த மனிதர், போகிற நேரத்தில் இப்படிக் கேட்கிறார்கள். அம்மா நினைத்திருந்தால் வெறுமனே 'இல்ல' என்று சொல்லியிருக்கலாம். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிற பழக்கம் அம்மாவுக்குக் கிடையாது, அது அப்பாவுக்கும் தெரியும். அம்மா அப்பாவின் தோளில் கை வைத்தார்கள்.

"யாருக்கு வந்திருந்தா என்னங்க? எறங்குனது நீங்கதான?"

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா குனியவில்லை. "வேற யாரும் எறங்கலையே. ஆண்டவருக்கு அது போதும். எனக்கும் போதும். தூங்குங்க" என்றார்கள்.

அப்பா தூங்கினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. சில நாள் கழித்து, ஒரு காலையில், எங்கள் எல்லார் கண் முன்னாலும் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்பாவைக் குடும்பத்தில் ஒருவராகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், ஓடி ஓடி உதவிய போதகர் ஐயா, சபையார், அடக்கத்தன்று கடை அடைத்து வந்து நின்ற மம்சாபுரத்துப் பெரியோர்கள், கம்பெனியில் உடன் வேலை பார்த்தவர்கள், கான்சாபுரத்து உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெட்டிக்குத் தோள் கொடுக்க முதலில் வந்தவர் அந்தப் பட்டாளத்து மாமாவின் மகன். மாமா இருந்திருந்தால் அவரே வந்திருப்பார். நன்றி என்று எழுதி முடிகிற காரியம் இல்லை இது.

தம்பி தன் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு அறை கட்டிவைத்திருக்கிறான். அக்கா தங்கைகள் இருக்கிற தெரு, அம்மா இத்தனை வருஷம் போக ஏங்கிய ஊர். அடக்கம் முடிந்த வாரம் காரோடு வந்து நின்றான். அம்மா பை எடுத்து வைக்கவில்லை. "நீ போய்ட்டு வாப்பா. காலையில ஆளு வந்தா வெந்நீர் கேக்கும்" என்றார்கள். காயத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அம்மா இப்போது கட்டும் போடுகிறார்கள். முதலாண்டு நினைவு ஆராதனைக்கு வருகிறவர்கள் மம்சாபுரத்து வீட்டுக்கே வரலாம். அம்மா அங்கேதான் இருக்கிறார்கள்.