ஒரு வெள்ளைப் பூவும் இரண்டு கேள்விகளும்

வெள்ளைக்காரரின் கப்பல்படை திருகோணமலையை விட்டுப் போனபோது என் புருஷனின் வேலையும் போனது. கப்பல் திருத்துமிடத்தில் இரும்பு ஒட்டுகிறவர் அவர். அந்த நேரம் கந்தளாய்க் குளத்தடியில் வயல் காணி கொடுத்தார்கள். எங்களுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. ஆனால் பெண்சாதி பிள்ளையோடு போய்க் குடியேற வேண்டும், தனி ஆளுக்குக் காணி இல்லை. அவர் போவோம் என்றார். நான் கடற்கரையில் பிறந்தவள், சேற்றில் கால் வைத்தறியாதவள். இருப்போம் என்றேன்.

கதைத்துக் கதைத்தும் முடிவு வரவில்லை. அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போனோம். பூசாரி வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனி வெற்றிலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைத்தார்.

"மனதுக்குள்ள கேளுங்கோ. வெள்ளை வந்தால் அம்மன் ஓம் எண்டுறா. சிவப்பு வந்தால் வேண்டாம்."

எங்கள் சின்னஞ்சிறு மகள் தவழாத குறையாகப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். பிரித்தால் வெள்ளை நந்தியாவட்டை. கோயில் வாசலைத் தாண்டும் வரைக்கும் இருவருக்கும் பெரிய சந்தோஷம்.

"அப்ப சாமான் கட்டுவமே?" என்றார்.

"என்னத்துக்கு?"

"கந்தளாய்க்குத்தான். போகலாமோ எண்டு கேட்டனான், அம்மன் ஓம் எண்டிட்டா."

"ஐயோ, நான் இருக்கலாமோ எண்டெல்லே கேட்டனான்!"

திரும்பி ஓடிப் பூசாரியிடம் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்தார். "புருஷனும் பெண்சாதியும் ஒரே கேள்வி கேப்பியள் எண்டு நினைச்சன். இனிக் கட்ட ஏலாது. ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான்."

எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. ஆதியில் சிவன் தன் காளையை மனிதரிடம் அனுப்பினாராம். தினமும் எண்ணெய் வைத்து முழுகுங்கள், மாதத்தில் ஒருநாள் சாப்பிடுங்கள், இதுதான் செய்தி. காளை அதை மாற்றிச் சொல்லிவிட்டது. தினமும் சாப்பிடச் சொன்னால் அவ்வளவு சோற்றுக்கு எங்கே போவது? நீயே போய் உழு என்று சிவன் காளையைப் பூமிக்குத் தள்ளிவிட்டார். அன்றைக்குப் பிடித்ததுதான் மனிதனுக்கு இந்தப் பாடு.

"அந்த மாடு நீர்தான்" என்றார் அவர், வீட்டுக்குப் போகும் வழியில்.

"மாடு மாத்திச் சொன்னது. நான் ஆருக்கும் ஒண்டும் சொல்லேல்லையே."

அப்படிச் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கும் குழம்பித்தான் போயிற்று. பூவில் பிழையில்லை. அவர் கேட்டதிலும் பிழையில்லை, நான் கேட்டதிலும் இல்லை. அப்படியென்றால் பிழை எங்கே போய் ஒளிந்திருந்தது?

கிண்ணியாவிலிருந்து கடல் கடந்து தயிர்ச் சட்டியோடு வரும் ஒரு முஸ்லிம் பெண் எனக்குப் பழக்கம். என்னிலும் மூத்தவர், அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிறபடி ராத்தா என்றே கூப்பிடுவேன். அவரிடம் சொன்னபோது சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஆதம் நபி சொர்க்கத்தில சும்மா இருந்தவங்க. ஒரு கோதுமையத் தின்னப் போய்த்தான் இந்தத் துனியாவுக்கு இறங்கி வந்தாங்க. அவங்கட பொஞ்சாதி ஹவ்வாம்மா தந்ததாம் எண்டுவாங்க சில பேர். ஆரு தந்தா என்ன? இறங்கினது ரெண்டு பேரும். ஒத்தையா இறங்க ஏலாது, புள்ள."

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மன் என் புருஷனுக்குத்தான் ஓம் சொன்னாள் என்று என் மனதைத் திருப்பினேன். குடியேறுகிறவர்களை ஏற்றிப்போக லொறி சந்திக்கு வரும் காலையில், அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, சட்டி பானையைச் சாக்கில் கட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் வந்தார்.

"என்ன மூட்டை? லொறிக்காரரிட்ட நாங்கள் வரேல்லை எண்டு சொல்லப் போறன். உம்மட கேள்விக்குத்தான் பூ வந்தது. துறைமுக ஜெட்டியில மூட்டை தூக்கிப் பிழைப்பம்."

"எனக்காக விடாதேங்கோ. நான் வாறன்."

"வந்து, நாத்து நடேக்க எல்லாம் என்னைத் திட்டவோ?"

"இஞ்ச இருந்தால் மூட்டை தூக்கேக்க எல்லாம் நீங்கள் என்னைத் திட்டமாட்டியளோ?"

அவர் இருப்போம் என்கிறார், நான் போவோம் என்கிறேன். முன்னைக்கு மேலாகச் சத்தம். சந்தியில் லொறி கோர்ன் அடித்தது இருவருக்கும் கேட்டது. சண்டையை முடித்துவிட்டுப் போகலாம் என்றிருந்தோம். தெருவுக்கு ஓடியபோது புழுதிதான் நின்றது.

காணி வேறொரு குடும்பத்துக்குப் போனது. அவர் ஜெட்டியில் தோள் உரிய உரிய மூட்டை தூக்கினார். நான் பிட்டு அவித்து விற்றேன். ஒருவரிடமும் கை நீட்டவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கந்தளாயில் நன்றாக விளைந்த வருஷம் ஊரார் எங்களை மடையர் என்றார்கள். குளம் வற்றிய வருஷம் கெட்டிக்காரர் என்றார்கள்.

இருப்பதென்று முடிவெடுத்தது யார் என்று சில பேர் கேட்பார்கள். அவர் சாகும்வரை என்னைத்தான் காட்டினார். நான் அவரைக் காட்டினேன்.