தேவகி ஏறும் உயரம்

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், துணி வியாபாரம் ஓகோவென்று நடந்த காலத்தில், சகாதேவனிடம் ஒரு வண்டியும் இரண்டு எருதுகளும் இருந்தன. காலையில் குப்பத்துப் பெண்களையும் அவர்களுடைய கருவாட்டுக் கூடைகளையும் திருப்பாலைவனத்துக்குக் கொண்டுபோவான். திரும்பும்போது நெசவுக்காரர்களிடம் துணிமூட்டை ஏற்றிவந்து கோட்டைப் பண்டகசாலையில் இறக்குவான். வழியில் ஒரு உப்புக்கழி உண்டு. பாலம் கிடையாது, தண்ணீரில் இறங்கித்தான் கடக்கவேண்டும்.

கூடைக்காரிகளில் ஒருத்தி அவன் மனைவி தேவகி. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் சந்தையில் அவள் கூடைதான் முதலில் காலியாகும்.

ஒரு ஐப்பசியில் கழிக்கரைச் சரிவில் வண்டி குடை சாய்ந்தது. மற்றவர்கள் மணலில் விழுந்து எழுந்துகொண்டார்கள். தேவகிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு, எண்ணெய் தடவி, மாசி மாதம்தான் எழுந்து நடந்தாள். நடந்தாளே தவிர, வலது காலை மேலே தூக்க முடியவில்லை. வண்டித் தட்டோ அவள் மார்பு உயரம்.

சந்தைக்குக் கிளம்பிய முதல் நாள், பக்கத்துத் தெரு மார்கரெட்டும் இன்னொருத்தியும் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே தள்ளினார்கள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். மறுநாள் அவள் வாசலைத் தாண்டவில்லை.

"மூட்டைய ஏத்துற மாதிரி ஏத்துனாங்க. நான் வரல. நீ போ."

சகாதேவன் நேராக அந்தோணிசாமியிடம் போனான். படகுக்கும் வண்டிக்கும் மரவேலை செய்கிறவர் அவர்.

"வண்டிய எறக்கணும் அண்ணே."

"எவ்ளோ?"

"தேவகி தானா ஏறி உக்கார்ற அளவு."

அந்தோணிசாமி குனிந்து பார்த்தார். அச்சுக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள கட்டையை எடுத்தால் ஒரு சாண் இறங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சக்கரத்தையே சின்னதாகப் போடவேண்டும்.

"தெனம் ஓட்டுற வண்டி இது. மணல்ல சின்னச் சக்கரம் இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதுப்பா. நான் போட்டதெல்லாம் பெருசு."

"ரெண்டையும் பண்ணிடு அண்ணே" என்றான் சகாதேவன். அன்றைக்குச் சரிவில் எருதை விரட்டியது அவன்தான். அது அவன் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

அப்படித் தாழ்த்திய வண்டியில் தேவகி பின்பக்கமாக விளிம்பில் உட்கார்ந்து, கையை ஊன்றி, தானே உள்ளே நகர்ந்துகொண்டாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, "கூடைய எடு" என்றாள். அன்று வழி நெடுக அவள் பேச்சுதான்.

ஆனால் வண்டி ஓடவில்லை, ஊர்ந்தது. தடத்தின் நடுமேட்டில் அச்சு உராய்ந்தது. சின்னச் சக்கரம் மணலில் புதைந்தது. கழியில் தண்ணீர் தட்டுக்கு மேல் ஏறி ஒரு துணிமூட்டை நனைந்துவிட, பண்டகசாலையில் அதை இறக்கவே விடவில்லை. அதற்குப் பிறகு சகாதேவன் கழியைச் சுற்றிக்கொண்டு நெடுவழியில் போனான்.

சித்திரை வெயிலில் ஒருநாள் மணலில் இழுக்கமுடியாமல் இடது எருது முழங்கால் போட்டு விழுந்தது. தேவகி இறங்கி வந்து அதன் கழுத்தைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது.

"பெரிய சக்கரத்தயே போட்டுரு."

"நீ எப்டி ஏறுவ?"

"கட்டைய மட்டும் எடுத்தா எவ்ளோ வரும்?"

"உன் இடுப்புக்கு வரும். உன்னால முடியாது."

"போடு, பாக்கலாம்."

பெரிய சக்கரம் திரும்பி வந்தது. கட்டை மட்டும் வரவில்லை. தேவகி வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். எருது பூட்டாமல் நின்ற வண்டி அது. பின்விளிம்பில் கைவைத்து அழுத்தினாள். நுகத்தடி மேலே போக, பின்பக்கம் சாய்ந்து தரையில் பட்டது. அவள் அதில் உட்கார்ந்து, கைகளை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தாள்.

"இப்போ முன்னால அமுக்கு" என்றாள்.

சகாதேவன் நுகத்தடியைப் பிடித்துத் தொங்கினான். தட்டு நேரானது. அவள் மேலே இருந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை.

"கட்டை இருந்தப்போ இது ஏன் தோணல?" என்று கேட்டான்.

"அப்போ சாய்ச்சா தட்டு செவுரு மாதிரி நின்னிருக்கும். உருண்டு வந்திருப்பேன்."

அதற்குப் பிறகு அவள் ஏறிய பிறகுதான் எருதுகளைப் பூட்டுவான். சந்தையில் முதலில் எருதுகளை அவிழ்ப்பான், பிறகு அவள் இறங்குவாள். அடுத்த ஐப்பசியில் கழி பெருகியபோது தண்ணீர் தட்டுக்கு நாலு விரல் கீழேயே நின்றது. அதே கரைச் சரிவில் வண்டி ஆடியது, சாயவில்லை. தேவகி விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, கரை ஏறும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

அந்த வண்டியைப் பார்த்து வேறு வண்டிக்காரர்களும் விசாரிக்க வந்தார்கள். எவ்வளவு இறக்கலாம் என்று கேட்டால் சகாதேவன் அவளைக் கைகாட்டுவான்.

"உன் வண்டில யாரு ஏறுறா?" என்று அவள் கேட்பாள். துளசிங்கம் என்பவன், "உப்பு மட்டுந்தான்" என்றான். "அப்டினா இருக்குற மாதிரியே உடு" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைப் புரட்டிப்போடப் போய்விட்டாள்.