சயாமுக்குப் போனவரின் பங்குத் தண்ணீர்

மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். எண்ணெய் கிடைக்காமல் தோட்டத்துப் பம்பும் நின்றுவிட்டது. குடிப்பதற்கும் பயிருக்கும் மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றுதான். வெயிலில் அதுவும் மெலிந்தபோது, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான மேல் லயம், கீழ் லயம், பக்கத்து மலாய்க்காரர்களின் கிராமமான கம்பம் மூன்றுக்கும் தண்ணீரைப் பங்கிட ஒரு கமிட்டி போட்டார்கள். எங்கள் கீழ் லயத்து ஆண்களைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப் போயிருந்தார்கள். என் கணவரும் அவர்களில் ஒருவர். அதனால் எங்கள் லயத்துக்காகக் கமிட்டிக்கு நான் போனேன். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண்.

“வாய்க்கா வெட்ட ஆம்பள ஆள் குடுக்குற வீட்டுக்குத்தான் தண்ணி,” என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி.

“அப்ப நாங்க காய வேண்டியதுதானாங்கய்யா? வாய்க்கால நாங்களே வெட்டுறோம். ஆனா போனவங்களையும் சேத்துப் பங்கு போடுங்க. திரும்பி வந்தா அவங்களும் சாப்புடணும்ல?” என்றேன்.

கிராணி அதை மலாயில் சொல்ல, கம்பத்துத் தலைவர்தான் முதலில் தலையாட்டினார். “பெத்துல் லா, சரிதான்,” என்றார். பிறகு மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

எங்கள் முறை வந்த அன்று, பெண்களாகவே வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஓடிவந்தது. என் கீரைப் பாத்தி நிறைந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. அது அவருடைய பங்கு. மடையை அடைக்க மனம் வரவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தனியாக நின்றேன். “தண்ணி வந்துருச்சுங்க,” என்று வாய்விட்டுச் சொன்னேன். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

சண்டை முடிந்து சிலர் திரும்பினார்கள். அவர் வரவில்லை.