உறைந்த ஏரியின் மேல் தம்பி

அவன் நிற்பது ஏரியின் மேல் என்று தெரிந்ததும் அம்மா கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

என் தம்பி அமெரிக்காவின் வடகோடியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறான். அங்கே போன முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் போட்டான். எங்களுக்கு திண்டிவனத்தில் ராச்சாப்பாட்டு நேரம், அவனுக்குக் காலை. திரையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை. மரக்காணம் உப்பளம் மாதிரி ஏதோ வெளி என்று நினைத்துக்கொண்டு, அங்கே என்னடா வேலை என்று கேட்டேன். மீன் பிடிக்க வந்திருப்பதாகச் சொன்னான். தண்ணீர் எங்கே என்று அம்மா கேட்டாள். காலுக்குக் கீழே என்றான்.

"டேய், மொதல்ல கரைக்கு வா. வந்துட்டு அப்புறம் பேசு" என்றாள் அம்மா.

அவன் சிரித்துக்கொண்டே ஃபோனைத் திருப்பிக் காட்டினான். கொஞ்ச தூரத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. அதுவும் ஏரியின் மேல்தான். அதன் பக்கத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா படுக்கப் போகும்வரை, அந்த வேனுக்குள் ஆள் இருந்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அந்த ஏரிதான். திருகாணி போன்ற ஒரு பெரிய கருவியால் பனிக்கட்டியில் ஓட்டை போடுவான். குடத்து வாய் அகலத்துக்கு ஓட்டை விழுந்ததும் கறுப்பாகத் தண்ணீர் மேலே ஏறி வரும். தூண்டில் முழங்கை நீளம்கூட இருக்காது. சின்னச் சின்ன வெள்ளைப் புழுக்களை ஒரு டப்பியில் போட்டு, விறைத்துச் சாகாமலிருக்க சட்டைக்குள் வைத்திருப்பான். அந்தக் குளிரில் மீன் கடிப்பதே தெரியாதாம். தூண்டில் நுனியில் மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது, அது லேசாகத் தலையாட்டினால் இழுக்க வேண்டும். அந்த மீனுக்குப் புளூகில் என்று பேர். உள்ளங்கை அகலத்தில் வட்டமாக, செவுள் ஓரத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு மடல் வைத்த மீன்.

"ஜிலேபிக் கெண்டையாட்டம்தான் கீது" என்றாள் அம்மா. அவள் பெருமுக்கல் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளில் கடலைச் செடிக்குக் களை எடுத்து எங்களை வளர்த்தவள். மீனைப் பார்த்த பிறகு அந்த ஏரி அவளுக்குக் கொஞ்சம் பழகிவிட்டது. இவ்வளவு குளிரில் அது எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்டாள். மேலேதான் கட்டி, அடியில் தண்ணீர் அவ்வளவு சில்லென்று இருக்காது என்று விளக்கினான். குளிர் தொடங்கும்போது கரையோரப் பாசியில் இருக்கும் மீன் நடுக்குளிரில் ஆழத்துக்குப் போய்விடும். வெயில் ஏறும்போது திரும்பவும் கரைக்கு வரும். அந்தக் கடைசி வாரங்களில்தான் நிறையக் கிடைக்கும், கட்டியும் அப்போதுதான் இளகும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

மீன் பேச்சு முடிந்ததும் அம்மா கல்யாணப் பேச்சை எடுப்பாள். வானூரில் ஒரு பெண், புதுச்சேரியில் வேலை, நல்ல உயரம், வாய் அதிகமில்லை. முகையூரில் ஒரு பெண், கொஞ்சம் கறுப்புதான், ஆனால் நர்ஸ். வெள்ளைக்காரியை மட்டும் கூட்டிக்கொண்டு வந்துவிடாதே, அவளுக்கு நான் என்ன பொங்கிப் போடுவது என்று ஒவ்வொரு வாரமும் சொல்லி முடிப்பாள். அவன் தூண்டிலைப் பார்த்துக்கொண்டே "பாக்கலாம்மா" என்பான்.

அவன் போய் நான்காவது குளிர்காலம், கிட்டத்தட்ட முடிகிற நேரம். என் வீட்டுக்காரர் விழுப்புரம் பஸ்ஸில் டூட்டிக்குப் போயிருந்தார். நானும் அம்மாவும் மட்டும். திரையில் தம்பியின் முதுகு தெரிந்தது. சிவப்பு ஜாக்கெட், தோளில் ஓட்டை போடும் கருவி. நாணல் ஓரமாகப் போய் இன்னொரு ஓட்டை போடப் போவதாகச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தான். அம்மா வானூர்ப் பெண்ணின் மாமாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதுகைக் காணோம்.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒன்று, பிறகு தண்ணீர். அடுத்த நொடி ஃபோன் விழுந்தது. திரை முழுக்கச் சாம்பல் நிற வானம். அவன் மூச்சை இழுத்து இழுத்து விடுவது கேட்டது. ஒரு மனிதன் அப்படி மூச்சு வாங்கி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரி லேபில்தான். அப்புறம் ஒரு பெண் குரல் அவன் பேரைக் கத்தியது. இங்கிலீஷில் ஏதேதோ சொன்னது. ஏதோ சரசரவென்று இழுபட்டது. நான் ஃபோனைப் பார்த்து அவன் பேரைக் கூப்பிட்டேன். அம்மா இரண்டு கையாலும் தரையை அறைந்தாள். ஃபோன் கட்டானது.

திரும்பத் திரும்ப அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. அந்தத் தேசத்தில் அவனைத் தவிர வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் கம்பெனிக்குச் சொல்லலாமென்றால் எப்படிச் சொல்வது, எந்த ஏரி என்று சொல்வது? வீட்டுக்காரருக்கு அடித்தேன். அவர் வண்டியில் இருந்ததால் எடுக்கவில்லை. அம்மா எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவில் நின்றாள். எதிர்வீட்டு அக்கா என்ன என்று கேட்டதற்கு, "ஏரில வுழுந்துட்டான்" என்றாள். அந்த அக்கா எந்த ஏரி என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தார். ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏன் துடைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஃபோன் அடித்தது. எடுத்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண். கம்பளிக் குல்லாய், கன்னமெல்லாம் சிவந்து, முடி நுனியில் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. உதடு நடுங்க நடுங்கச் சொன்னாள்: "அம்மா. அவர் நல்லா இருக்கார். பாருங்க."

தமிழில் சொன்னாள்.

ஃபோனைத் திருப்பினாள். காருக்குள் போர்வைகளில் சுற்றி அவன் கிடந்தான். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். பல் தந்தியடித்தது. பேச முயன்று முடியாமல், கடைசியில், "வெச்சிடாதம்மா, ஃபோன வெச்சிடாத" என்றான். அம்மா வைக்கவில்லை. அந்தப் பெண் ஒரு கையில் ஃபோனைப் பிடித்தபடி மறு கையால் வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நாங்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் அவனே கூப்பிட்டான். விரல்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றான். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பிறகு கேட்டாள்: "அது யாருடா?"

அவன் சொல்லிவிட்டான். கூட வேலை பார்க்கிறவள். போன வருஷமே கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். எங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப் போட்டிருக்கிறான். இரண்டு குளிர்காலமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.

அவன் இரண்டு கையாலும் ஓட்டை போடுவான், மீனைக் கழற்றுவான், படம் மட்டும் அவன் பின்னாலேயே போகும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு வேறு கவலை. "நான் பேசினதெல்லாம் அதுக்குப் புரிஞ்சிதா?"

"மொதல்ல புரியல. இப்பல்லாம் புரியும்மா."

வானூர்ப் பெண், முகையூர்ப் பெண், உயரம், நிறம், வெள்ளைக்காரிக்குப் பொங்கிப் போடுவது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. அந்த வாரத்தில் தம்பி எப்படி வெளியே வந்தான் என்று மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அவன் கழுத்தளவுத் தண்ணீரில் விளிம்பைப் பிடிக்கப் பிடிக்க அது உடைந்துகொண்டே வந்திருக்கிறது. நின்றால் தானும் விழுவோம் என்று அவள் குப்புறப் படுத்து ஊர்ந்து, பனியில் சாமான் இழுக்கும் சறுக்கு வண்டியின் கயிற்றை அவன் பக்கம் வீசியிருக்கிறாள். முதல் தடவை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் ஊர்ந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு ஃபோன் வந்தபோது அம்மா குளித்து வேறு புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். தம்பியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அதைக் கூப்பிடு என்றாள். அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். குல்லாய் இல்லாமல் வேறு ஆள் மாதிரி, சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"அவ்வளவு கிட்டப் போனியே" என்றாள் அம்மா. "உனக்கு பயமா இல்ல?"

அவள் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் தானே வார்த்தையைத் தேடினாள்.

"பயம்" என்றாள். "ரொம்ப பயம், அம்மா."

"எனக்குந்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதாள். அவன் விழுந்த அன்றைக்குக்கூட அவள் அழுது நான் பார்க்கவில்லை.