ஆட்டோ கடந்து போகும் வரை

எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நகராட்சியின் அறிவிப்பு ஆட்டோ முனையில் திரும்பியதும் முதல் வீட்டார் விசைத்தறியை நிறுத்துவார்கள். பின்பு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. குடிநீர் என்றைக்கு வரும், கொசு மருந்து எப்போது அடிப்பார்கள் என்பது கடைசி வீடு வரை கேட்க வேண்டும் என்பதால், ஆட்டோ தெருவைத் தாண்டும்வரை யாரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள். எங்கள் வீடு தொடக்கத்திலேயே இருந்தது. ஒலிபெருக்கி எங்களைக் கடந்து தொலைவுக்குப் போன பின்னும் சற்று நேரம் எங்களுக்கு அமைதி மிச்சமிருக்கும்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, எழுதும் கையும் விழுந்து, குரல் மூச்சளவாகச் சுருங்கிய பின்பு, அந்தச் சற்று நேரத்தில்தான் அவள் பேச்சு எனக்குக் கேட்டது. படுக்கையறைச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தறிகள் இரவும் பகலும் ஓடின. உதட்டருகே காதை வைத்தாலும் தறியின் இரைச்சலே விழும். ஆகவே அவள் சொல்ல வேண்டியதைச் சேர்த்துவைத்து ஆட்டோவுக்காகக் காத்திருப்பாள்.

"இன்னாங்க, நகராட்சி வந்தாதான் இந்தத் தெரு அடங்குது. நீங்க ஒரு தபா அதட்டிப் பாருங்களேன்" என்றாள் ஒருநாள். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

பக்கத்து வீட்டாரிடம் சொல்லியிருந்தால் தறியை நிறுத்தியிருப்பார்கள். பிறர் பிழைப்பை நிறுத்தச் சொல்லி நான் எவர் வாசலிலும் நின்றதில்லை. அதைத் தவறென்று இன்றும் சொல்லமாட்டேன்.

பிறகு ஆட்டோ வருவது நின்றது. அறிவிப்புகள் கைப்பேசிக்கு வரத் தொடங்கின. தெருவே மகிழ்ந்தது; தறியை நிறுத்த வேண்டியதில்லை அல்லவா? நான் சலவைச் சட்டை அணிந்து நகராட்சி அலுவலகம் சென்றேன். கைப்பேசி இல்லாத முதியோருக்காக ஆட்டோவைத் திரும்ப அனுப்ப வேண்டும் என்றேன். இருக்கையில் இருந்த பெண் அலுவலர் மரியாதையாகவே பேசினார்.

"உங்களுக்கு மெசேஜ் வர்லீங்களா சார்?"

"வருகிறது."

"அப்போ யாருக்கு வர்லன்னு சொல்லுங்க. வீட்டுக்கே ஆள் அனுப்பி சொல்லச் சொல்றேன்."

நல்ல பதில்தான். சொல்வதற்கு என்னிடம் ஒரு பெயரும் இல்லை. இருந்த ஒரு காரணத்தை அந்த மேசையின் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. நன்றி கூறி வெளியேறினேன்.

வீடு திரும்பியதும் அவள் கண்களால் கேட்டாள். கைப்பேசியில் வந்திருந்த குடிநீர் அறிவிப்பைக் காட்டினேன். படித்துவிட்டு ஏதோ சொன்னாள். கேட்டதுபோலத் தலையசைத்தேன். அதன் பின்னும் பல நாள் அவள் சொன்னாள்; நான் தலையசைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலையில் அவள் இறந்தாள். சாவு விழுந்த தெருவில் எடுக்கும்வரை தறி ஓடாது. நான் யாரையும் கேட்கவில்லை; அவர்களே நிறுத்தினார்கள். கூரையிலிருந்து நீர் சொட்டுவதுகூடக் கேட்டது. நடுப்பகலில், வந்திருந்தவர்களின் சட்டைப்பைகளில் கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன.

"நாளிக்கு காலீல தண்ணி வுடறாங்களாம்" என்று ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டு, "சார், நிமிந்து உக்காருங்க, முதுகு புடிச்சிக்கும்" என்றார். அதுவரை அவள் வாயருகே காதைச் சாய்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.