கணுக்காலில் நின்ற டேப்

பாறசாலையில் ரயில் நிலையத்துக்குத் திரும்பும் சாலையில், ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு செல்போன் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிறது சிஜியின் தையல் கடை. மெஷின் ஒன்று, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து குறை சொன்ன எல்லோருக்கும் சிஜி ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள்: அளவு சரிதான், நீங்கள்தான் மாறிவிட்டீர்கள். கை இறுக்கமென்றால் கை பெருத்துவிட்டது. தோள் இறங்குகிறதென்றால் ஆள் மெலிந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு போனவர்களும் அடுத்த கல்யாணத்துக்கு அவளிடமே வந்தார்கள், ஏனென்றால் அவள் தைத்தது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை அவள் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் வெள்ளறடை சரசம்மாவைத் தவிர யாருக்கும் இருந்ததில்லை. சரசம்மாவுக்கு எந்த பிளவுஸும் கையில் இறுக்கும். சிஜிக்கும் அவளுக்கும் அது வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும் சண்டை.

தைத்ததை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது சிஜியின் வழக்கம். அதற்கு ஒரு பழைய லேடீஸ் சைக்கிள், பின்னால் கேரியர். கணவன் ஜிஜோ ஆட்டோ ஓட்டுகிறவன்தான், ஆனால் அதில் ஏறினால் வழி நெடுக ரப்பர் விலையைக் கேட்டாக வேண்டும். அதற்கு மிதிப்பதே மேல் என்று அவள் முடிவு செய்து பல வருஷமாகிறது. நாற்பத்துமூன்று வயதில் அவள் கால்கள் இரும்பாக இருந்ததற்கு ரப்பர் விலைதான் காரணம்.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை, கல்யாண வீட்டுக்கு எட்டு பிளவுஸைக் கட்டிக் கேரியரில் வைத்துக்கொண்டு வெள்ளறடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நெய்யாற்றின்கரை சைக்கிள் கிளப்பைச் சேர்ந்த ஐந்து பேர் மெல்லிய டயர் வண்டிகளில் அவளைத் தாண்டிப் பறந்தார்கள். அடுத்த ஏற்றத்தில் அவர்களில் இரண்டு பேரை அவள் தாண்டினாள். போட்டி எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. அந்த இறுக்க உடுப்பின் தையல் விளிம்பு உடம்பில் உரசாமல் படிந்து கிடந்தது, அதைக் கிட்டப் போய்ப் பார்க்கத்தான் மிதித்தாள். மேட்டில் மூச்சு வாங்க நின்ற விஜயதாஸ் என்ற வங்கிக்காரர், எந்த கியரில் ஏறினாய் என்று கேட்டார். அவள் சைக்கிளுக்கு கியரே கிடையாது என்று தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். ஜனவரியில் பொழியூர் கடற்கரையில் தொடங்கி வெள்ளறடை வரை ஏறித் திரும்பும் கிளப் சவாரி உண்டு, நீயும் வர வேண்டும், ஆனால் இந்த வண்டியில் வந்து எங்கள் மானத்தை வாங்காதே என்றார்.

அன்றைக்குப் பிடித்தது ஆசை. இன்னொரு மெஷினுக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தை சைக்கிளுக்குத் திருப்பிவிட்டாள். இதில் வியப்பு என்னவென்றால், அவள் தனக்கென்று எதையும் புதிதாக வாங்கியவள் இல்லை. சின்ன வயதில் அக்காவின் பாவாடையைப் பிடித்துத் தைத்துப் போட்டாள். தையல்காரி ஆனபின் வெட்டி மிஞ்சிய துணியில் தனக்குத் தைத்துக்கொண்டாள். ஜிஜோ ஒரு வார்த்தை மறுப்பு சொல்லவில்லை. சைக்கிள் கடைக்கும் அவனே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனான்.

நெய்யாற்றின்கரைக் கடையில் விற்பனைக்கு இருந்தவன் சஜி, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், சாந்தமானவன். முதலில் அவன் டிரையத்லான் வண்டி ஒன்றைக் காட்டினான். கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்ட வேண்டியது. இது ஓட்டுவதற்கா, ஜெபம் பண்ணுவதற்கா என்று சிஜி கேட்டாள். பிறகு ரோடு பைக்குகள். சக்கரத்தைவிட, கியரைவிட அவள் அதிக நேரம் பார்த்தது நிறத்தை. நூல் கடையில் நாற்பது பச்சை உண்டு, அதில் மருதாணி அரைத்து வைத்தது போன்ற பச்சை ஒன்றுதான் தனக்குப் பிடிக்கும் என்றாள். அந்தப் பச்சையில் கடையில் வண்டி இல்லை, அளவு சொன்னால் வரவழைக்கலாம் என்றான் சஜி. அவன் டேப்பை எடுத்ததும் சிஜி இரண்டடி பின்னால் போனாள். ஊருக்கெல்லாம் அளவெடுக்கும் அவளுக்கு உடம்பு முழுக்கக் கூச்சம். இன்னொருவர் கை பட்டால் சிரித்து உருண்டுவிடுவாள். அதனாலேயே அவளுக்கு யாரும் அளவெடுத்ததில்லை. வீட்டில் போய் நானே எடுத்துச் சொல்கிறேன், வாரத்துக்கு நாற்பது பேருக்கு அளவெடுக்கிறவளுக்கு இது பெரிய காரியமா என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் போனில் சொன்னாள். உயரம் அறுபத்தைந்து இஞ்ச். உள்கால் இருபத்தேழு. கை இருபத்தொன்று. உயரத்துக்குக் கால் குறைவாக இருக்கிறதே என்று சஜி இழுத்தான். சாலையில் லாரிகள் இரைந்துகொண்டிருந்தன. அவள் சத்தமாக, என் அளவு தப்பாது, எழுதிக்கொள் என்று சொல்லி போனை வைத்தாள்.

கிறிஸ்துமஸ் தையல் முடிந்து மூச்சு விட்ட முதல் வாரத்தில் வண்டி வந்தது. மருதாணிப் பச்சை. சிஜி அதைக் கடைக்குள் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி வைத்து, ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். சபையிலிருந்து புது வண்டிக்கு ஜெபம் பண்ண வந்த போதகர் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, கிளம்புகிற வரை அதன் எடையைப் பற்றியே பேசினார். பெல் வைக்க இடமில்லையே என்று ஊர் முழுக்கக் கவலைப்பட்டது. அந்த வாரம் பாறசாலையிலேயே சந்தோஷமான பெண் அவள்தான்.

முழங்கால் மட்டும் வலித்தது. இரண்டாவது வாரம் முதுகும் சேர்ந்துகொண்டது. மெஷினில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது. வண்டியில் போகும்போது முழங்கால் நெஞ்சை நோக்கி வந்தது, கைகள் மடங்கி வயிற்றோடு ஒட்டின. ஆட்டோவில் பின்னால் வந்த ஜிஜோ, சர்க்கஸில் கரடி சைக்கிள் ஓட்டுவதைச் சின்ன வயதில் பார்த்ததாகவும் இப்போதுதான் மறுபடி பார்ப்பதாகவும் சொன்னான். சீட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் என்ன என்று கேட்டான். அவள் மாட்டேன் என்றாள். சீட்டு அவள் சொன்ன அளவுக்கு வைத்தது. அதை உயர்த்தினால் அளவு தப்பு என்று ஆகிவிடும். வண்டி சரிதான், என் உடம்புதான் இன்னும் பழகவில்லை என்றாள். சொல்லிவிட்டு, இதே வார்த்தையை எங்கேயோ நிறைய முறை கேட்டிருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது.

சவாரிக்குப் பத்து நாள் இருந்தபோது அவளால் வெள்ளறடை ஏற்றத்தில் பாதிகூட ஏற முடியவில்லை. எட்டு பிளவுஸோடு பழைய சைக்கிளில் ஏறிய இடத்தில், புது வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தாள். அழுகை வந்தது. ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் தன்னை ஓரத்தில் தள்ளுகிறதே என்று நொந்துபோனாள். மறுநாள் ஜிஜோ வண்டியை ஆட்டோவின் பின்சீட்டில் ஏற்றி, அவளையும் முன்னால் நெருக்கி உட்கார வைத்து, நெய்யாற்றின்கரைக்கு விட்டான்.

வியாழக்கிழமைதோறும் கடைக்கு ஜெஸ்னா வருவாள். குளத்தூர்ப் பெண், பெங்களூரில் போய் ஆளுக்கு ஏற்றபடி சைக்கிளைப் பொருத்தும் வேலை கற்றவள். சிஜி வண்டியில் ஏறியதைப் பார்த்ததும் அவள் செருப்பைக் கழற்றச் சொன்னாள். சுவரோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும், தொடைகளுக்கு இடையில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்து மேலே அழுத்த வேண்டும். சிஜி சிரித்துச் சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை கண்ணை மூடி, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்றை மனசுக்குள் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டினாள். ஜெஸ்னா புத்தகத்தின் மேல்விளிம்புக்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, டேப்பை விரித்தாள்.

டேப்பின் நுனியைத் தரையில் வைத்தாள்.

சிஜி அதைப் பார்த்தாள். பார்த்த கணத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. பேண்ட் கணுக்காலோடு நின்றுவிடும், பெடல் உள்ளங்காலுக்குக் கீழே இருக்கிறது. கையும் அப்படித்தான். சட்டைக்கை மணிக்கட்டில் முடியும், கைப்பிடியைப் பிடிப்பது அதற்கப்பால் இருக்கிற முஷ்டி. அவள் தனக்கு ஒரு சுடிதாருக்கு அளவெடுத்து, அதை ஒரு சைக்கிளுக்குக் கொடுத்திருந்தாள். டேப் முப்பது இஞ்ச் காட்டியது, ஜெஸ்னா அதைச் சத்தமாகப் படித்தாள்.

அவள் வாயைத் திறக்குமுன் சஜி உள்ளே ஓடி வந்தான். கூடவே கடை முதலாளி மோகனன். சஜியின் முகம் வெளிறியிருந்தது.

“தப்பு எனக்கதாக்கும் அக்கா. அன்னு போன்ல ஒரே லாரிச் சத்தம். நீங்க முப்பதுன்னு சொல்லியிருப்பிய, நான் இருபத்தேழுன்னு எழுதிட்டேன். அக்காவுக்க அளவு தப்பாதுன்னு ஊரே சொல்லுது. அப்போ எனக்க காதுதான்.”

மோகனன் கறாரானவர், ஆனால் நியாயக்காரர். பிழை கடையுடையது என்றால் வண்டியை மாற்றிக் கொடுத்துவிடலாம், நஷ்டம் பிழை செய்தவன் சம்பளத்தில் போகும் என்றார். சுவரில் அடுத்த அளவு வண்டி ஒன்று தொங்கியது. பச்சை இல்லை, ஆனால் நல்ல நீலம். இறக்கினால் ஒன்பது நாளில் அதில் வெள்ளறடை ஏறிவிடலாம். அவள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, சும்மா நின்றாலே போதும். இருபத்திரண்டு வருஷத்துப் பெயரும் கெடாது. சிஜி அந்த நீலத்தைப் பார்த்தாள். பிறகு சஜியைப் பார்த்தாள். அவன் தன் காதைத் தடவிக்கொண்டு நின்றான்.

“சஜிக்க காதுக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள் சிஜி. “இருபத்தேழுன்னு சொன்னது நான். அளவெடுத்தது நான். தப்பு எனக்கதாக்கும்.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு சின்ன வாக்கியமா அது. வாசலில் நின்ற ஜிஜோ, காதில் விழுந்தது சரிதானா என்பதுபோல உள்ளே எட்டிப் பார்த்தான்.

மோகனன் வருத்தத்தோடுதான் சொன்னார்: ஓட்டிய வண்டி, வாங்கியவர் கொடுத்த அளவு, மாற்ற வழியில்லை. சிஜி தலையாட்டினாள். அது அவள் கடையிலும் உள்ள சட்டம்தான். வண்டியின் பக்கத்தில் போய் நின்று, துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல அதன் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். ஜெஸ்னாவிடம் கேட்டாள்:

“உள்ள துணி உண்டா மக்கா?”

ஜெஸ்னாவுக்குப் புரியவில்லை. சிஜி விளக்கினாள். நல்ல தையல்காரி வெட்டும்போது ஓரத்தில் கொஞ்சம் துணியை உள்ளே மடித்து விடுவாள். பின்னால் இறுக்கமானால் பிரித்து விட்டுக் கொடுக்கலாம். இந்த வண்டியைச் செய்தவர்கள் அப்படி ஏதாவது விட்டிருக்கிறார்களா?

ஜெஸ்னா சீட்டின் திருகைத் தளர்த்தி, அதைத் தாங்கும் குழாயை மெல்ல வெளியே இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. வெகுதூரம் வந்தபின் அதில் ஒரு கோடு தெரிந்தது. இந்தக் கோடு வெளியே தெரியாத வரை உயர்த்தலாம் என்று சொல்லிச் சிரித்தாள். “உண்டு அக்கா. தாராளமா உண்டு.”

அதற்குப் பின் இரண்டு மணி நேரம் நடந்ததை சிஜி இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். வண்டியை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, அவளை ஏற்றி மிதிக்கச் சொன்னார்கள். முழங்கால் எலும்பில் அடையாளம் போட சிஜியே பையிலிருந்து தன் தையல் சாக்பீஸை எடுத்துக் கொடுத்தாள். ஜெஸ்னா அங்கிருந்து நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, சீட்டை அரை விரல் பின்னால் தள்ளினாள், மறுபடி கொஞ்சம் முன்னால் இழுத்தாள். கைப்பிடியை வண்டியோடு இணைக்கும் குட்டைத் துண்டு நீளமாக இருந்தால் கை மடங்காது என்றாள். சஜி மூன்று மேஜை டிராயரைக் கவிழ்த்து, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த நீளத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வந்தான். விலை பற்றி யாரும் பேசவில்லை. அது பூட்டப்பட்டதும் சிஜி மிதித்தாள். முழங்கால் எங்கும் முட்டவில்லை. முதுகு தானாக நீண்டது. தனக்கென்று ஒருத்தி அளவெடுத்து, தனக்கென்று பிரித்து, தனக்கென்று பொருத்திய ஒன்று வாழ்க்கையில் முதல் முறையாக அவள் உடம்பில் சரியாக உட்கார்ந்தது. கண் நிறைந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. நிறுத்தச் சொன்னபிறகும் அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை பொழியூரில் கடல் பக்கத்தில் கொடி அசைத்தார்கள். குளத்தூர் தாண்டும்போது அவள் நடுவில் இருந்தாள். பாறசாலையில் மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து கை தட்டினார். வெள்ளறடை ஏற்றத்தில் விஜயதாஸைத் தாண்டினாள், இந்த முறை எந்த கியர் என்று தானே சொல்லிக்கொண்டு போனாள்.

மேலே பால் விடாத கட்டன் சாயாவும் பழமும் வைத்திருந்த இடத்தில் சரசம்மா நின்றிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. சிஜி இந்த வழி வருகிறாள் என்று தெரிந்து, கை இறுக்குகிற கிறிஸ்துமஸ் பிளவுஸோடு சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். சிஜி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. சட்டையின் முதுகுப் பையிலிருந்து டேப்பை எடுத்து, நடுச்சாலையில் சரசம்மாவின் கையை அளந்தாள். எப்போதும்போல கையைத் தொங்கவிட்டு மட்டும் அளக்காமல், அதைத் தூக்கி மடக்கச் சொல்லியும் அளந்தாள். பிளவுஸைப் புரட்டிப் பார்த்தாள்.

“உள்ள துணி உண்டு. அரை இஞ்ச் விட்டுத் தாறேன். தப்பு எனக்கதாக்கும்.”

சரசம்மா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு ஒன்றும் இல்லை. அப்படியானால் போன ஓணத்துக்குத் தைத்ததும், அதற்கு முந்தினதும் உன் தப்புதானே என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள். மற்றவர்கள் சாயா குடித்து முடிக்குமுன் ஒரு தோர்த்துத் துண்டில் கட்டிய பிளவுஸ் மூட்டையோடு திரும்பி வந்து, அதை சிஜியின் முதுகில் குறுக்காகக் கட்டியும் விட்டாள்.

இறக்கத்தில் காற்று காதில் இரைய, மூட்டை முதுகில் ஆட, சிஜி கடல் வரை எங்கும் நிற்காமல் வந்தாள். பொழியூரில் ஆட்டோவைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் காத்திருந்த ஜிஜோ, அவள் இறங்கியதும் கிளப்காரர்கள் கழுத்தில் போட்ட மெடலைப் பார்க்காமல் மூட்டையைத்தான் பார்த்தான். முதுகில் அது என்ன என்று கேட்டான்.

“எனக்க தப்பு,” என்றாள் சிஜி, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டு. “ஏழெண்ணம்.”